மலை மேல் ரூம் போடும் முன்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர் வேலை, ரூம் போடுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். போன வாரம் மாடி வீட்டுப் பெண் வந்து, "அக்கா, இதை ஒரு தடவை பாருங்களேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். வியாழக்கிழமை சென்னை மடிப்பாக்கத்தில் கிளம்பி அன்று இரவே கொடைக்கானல், மறுநாள் மூணாறு, அதற்கடுத்த நாள் வால்பாறை, அப்புறம் ஊட்டி, கடைசியாக ஏற்காடு. ஐந்து இரவு, ஐந்து ஊர், ஐந்து ரூம். அதில் மூன்றுக்குப் பணமும் கட்டிவிட்டாள்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 2014-ல் நான் போட்ட தாளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், விமர்சனங்களைப் படியுங்கள் என்பதெல்லாம் அவளுக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே மலையில் தங்குவது

அந்த வருடம் மே மாதம் நான் ரூம் போட்டிருந்தது நீலகிரி மாவட்டத்து மசினகுடியில். பெங்களூரு, மைசூரு, பந்திப்பூர் வழியாகப் போவதாகத் திட்டம். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியது. புளியோதரை கட்டி, பிள்ளைகளை எழுப்பி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கிளம்பும்போது எட்டரை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகுதான் மாமியாருக்கு மாத்திரை டப்பா ஞாபகம் வந்தது. திரும்பினோம். பெங்களூரு நெரிசலில் சரியாக மாலை நேரத்தில் மாட்டினோம். மைசூரைத் தாண்டும்போது மணி எட்டு. "இன்னும் நூறு கிலோமீட்டர்தானே, பத்து மணிக்குள் போய்ப் படுத்துவிடலாம்" என்று நான்தான் சொன்னேன்.

ஒன்பதே காலுக்குப் பந்திப்பூர் சோதனைச்சாவடியில் கம்பத்தை இறக்கிவிட்டிருந்தார்கள். புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் அந்த நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி போகக்கூடாது. ராத்திரியில் வண்டி மோதி விலங்குகள் சாகின்றன என்பதற்காக 2009-லேயே போட்ட தடை அது. காவலர் கோபிக்கவில்லை, கெஞ்சவும் விடவில்லை. "காலையில் ஆறு மணிக்கு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

குண்டலுப்பேட்டைக்குத் திரும்பி, கிடைத்த லாட்ஜில் இரண்டு ரூம் எடுத்தோம். கொசு. தூங்காத மாமியார். மசினகுடிக்குப் போன் பண்ணினால், "நீங்க வரலைங்க, நாங்க ரூமை வெச்சிருந்தோம், பணம் திரும்ப வராது" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. பதிவு செய்வதற்கு முன் அந்த விடுதியின் நீச்சல்குளப் படத்தை அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன். போகிற வழியில் ஒரு கேட் இருக்கிறதா என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ரூம் தேடுவதே வேறு மாதிரி. முதலில் வழியில் உள்ள வனச்சாவடிகள் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். மசினகுடி, வால்பாறை–அதிரப்பள்ளி காட்டு வழி என்றெல்லாம் போவதானால் இது கட்டாயம். அப்புறம் ஒரே கேள்வி: மாலை ஐந்து மணிக்கு வண்டி எங்கே இருக்கும்? அன்றைக்கு அந்த ஊரில்தான் ரூம். கொடைக்கானல் போகிறோமா, முதல் இரவு திண்டுக்கல் அல்லது வத்தலக்குண்டு. வால்பாறைக்குப் பொள்ளாச்சி. மசினகுடிக்கு மைசூரு.

"அடிவாரத்தில் போய் என்னத்துக்கு ஒரு நாளை வீணாக்கணும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீணாவது மலைதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கீழே அணை விரியும், மேலே போகப்போகத் தேயிலை தொடங்கும். அதைப் பார்க்கத்தானே சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறோம்? இருட்டில் ஏறினால் எதிர் வண்டியின் ஹெட்லைட் மட்டும்தான் தெரியும். பகல் முழுக்க ஓட்டிக் களைத்தவர் கையில் அந்த வளைவுகளைக் கொடுக்கவும் கூடாது. மார்கழி விடுமுறையில் போனால் ஆறரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். அடிவார ரூம் பெரும்பாலும் மலையைவிட மலிவு, இட்லியும் சூடாகக் கிடைக்கும்.

வரைபடத்தில் பக்கம்

கொடைக்கானலையும் மூணாறையும் வரைபடத்தில் பார்த்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கொடைக்கானலிலிருந்து மூணாறை ஒட்டிய டாப் ஸ்டேஷன் பக்கம் போகும் பழைய சாலை ஒன்றும் இருந்தது. இப்போது அது காட்டுக்குள், வண்டி விடுவதில்லை. முழுக்க இறங்கி, தேனி, போடி வந்து, போடிமெட்டு வழியாக மறுபடி ஏற வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மலைப்பாதை, ஒரு பகல் காலி. மாடி வீட்டுப் பெண் அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தாள்.

தினம் ஒரு ஊர்

பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும்தான் சுற்றுலா என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டு இரவுக்குக் குறைவாக எந்த ஊரிலும் நான் இப்போது ரூம் போடுவதில்லை, அடிவாரத்து முதல் இரவு மட்டும் விதிவிலக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் எல்லோரும் புதுச்சேரியோடு நின்றுவிடுகிறார்கள். சிதம்பரத்தில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். பிச்சாவரம், தரங்கம்பாடி, கங்கைகொண்ட சோழபுரம் மூன்றுமே சுமார் 50 கிலோமீட்டருக்குள். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும்போது ரூமுக்கு வந்து ஒரு தூக்கம் போடலாம். காரிலேயே காத்துக்கிடக்க வேண்டாம்.

இ-பாஸ்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. ரூம் ரசீதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் பாஸ், பிறகு ரூம்.

ராத்திரியே கிளம்பி விடியலில் போய் நிற்பது

பல இடங்களில் ரூம் தருவது மதியம்தான். அதுவரை குடும்பமே கார் கதவைத் திறந்து வைத்துப் பல் தேய்க்கும்.

டிரைவர் எங்கே படுப்பார்?

புக் பண்ணும்போதே கேளுங்கள். காரில் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் அவர் கையை நம்பி மலை இறங்காதீர்கள்.

பார்க்கிங்

போன் செய்து கேளுங்கள். "இருக்கு" என்றால், எத்தனை வண்டிக்கு என்றும் கேளுங்கள்.

நேற்று மாலை மாடி வீட்டுப் பெண் திருத்திய தாளோடு வந்தாள். மூணாறு இல்லை, ஏற்காடு இல்லை. முதல் இரவு திண்டுக்கல். பணம் கட்டிய மூன்றில் ஒன்று மட்டும் திரும்ப வராதாம். சரி, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு அக்கா. புளியோதரை மட்டும் காலையில் கட்டிக்கணும்."