காசிமேட்டில் சூரியன் கடலில் மறையாது: நையாண்டிக் குறும்படம் எடுக்க ஒரு செய்முறை

வட சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஒரு பெண். அருவாமனையில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே மனசுக்குள் டூயட் பாடுகிறாள். ஐந்து நிமிட நையாண்டிப் படத்துக்கு இது போதும். நானும் இரண்டு நண்பர்களும் போன் கேமராவிலேயே இதை எடுத்தோம். முதல் முறை சொதப்பினோம். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. கனவை அவள் வேலையிலிருந்து எழுதுங்கள்

ரோஜாப்பூ, பைக், மழை என்று ஆரம்பிக்காதீர்கள். அவளுக்கு இன்றைக்கு எதெல்லாம் அலுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். விடியுமுன் எழுந்து ஓடுவது, ஐஸில் மரத்துப்போன விரல், தண்ணி லாரி, கடன் தவணை வாங்க சாயங்காலம் வந்து நிற்கும் தண்டல்காரர். அந்தப் பட்டியல்தான் கனவின் மூலப்பொருள்.

எங்கள் கதையில் நாயகன் வெள்ளைக் காரில் வருவான். தெருவை அடைத்துக்கொண்டு தண்ணி லாரி நிற்பதால் கார் உள்ளே நுழையாது. கோட்டு சூட்டோடு இறங்கி நடப்பான். வரிசையில் நிற்கும் பெண்கள், "வந்தது வந்துட்ட, இத்தப் புடி" என்று இரண்டு குடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். காதல் வசனம் முழுவதும் குடம் தளும்பத் தளும்பத்தான். மோதிரம் எடுக்கப்போகிறான் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து அவளுடைய தண்டல் அட்டையை எடுப்பான். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து! பின்னணியில் வயலின்.

ஒரு பக்கம் எழுதினால் திரையில் சுமார் ஒரு நிமிடம் வரும். ஐந்து பக்கத்தில் நிறுத்துங்கள். கனவு இரண்டு போதும். மூன்றாவது வந்தால் அலுத்துவிடும்.

2. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

நாங்கள் சொதப்பியது இங்கேதான். முதல் வடிவத்தில், கனவு கலைந்ததும் நாயகி மீன் கழுவின தண்ணீரில் வழுக்கி விழுவாள். எங்களுக்கு விழுந்து விழுந்து சிரிப்பு. நாயகியாக நடித்த அக்காவும் நிஜத்தில் மீன் வெட்டுகிறவர்தான். லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். குடம் தூக்கும் இடத்தில் கை தட்டிச் சிரித்தார். விழுகிற இடம் வந்ததும் சத்தமே இல்லை. "இன்னா தம்பி, கனவு கண்டதுக்கா என்னைத் தள்ளி வுட்ட?" என்றார். அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டோம். இப்போது வழுக்குவது கோட்டு சூட்டுக்காரன். அவனைத் தயாரித்து அனுப்பியது சினிமாவும் நகைக்கடை விளம்பரமும்தானே? அவன் விழட்டும்.

வசனத்துக்கும் இதே கணக்கு. வட சென்னை என்றாலே வரிக்கு வரி "இன்னாமே" போடுவது நையாண்டி ஆகாது. அக்காவிடம் சூழ்நிலையை மட்டும் சொல்லிவிட்டு அவரையே பேச விட்டோம். நான் எழுதியதைவிட நன்றாக வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

3. நிஜத்துக்கு ஒரு கண், கனவுக்கு ஒரு கண்

நிஜக் காட்சிகளைப் போனைக் கையில் பிடித்தே எடுங்கள்; லேசாக ஆடினால் நல்லது. கனவுக்கு ட்ரைபாட் கட்டாயம். படம் முழுக்க நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்). கனவை மட்டும் 50 பிரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் பாதி வேகத்தில் மிதக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது ஷட்டரை (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். இல்லாவிட்டால் படம் மினுக் மினுக்கென்று துடிக்கும்.

4. சூரியனைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

காதல் பாட்டு என்றால் கடலில் சூரியன் மறையவேண்டும். காசிமேட்டில் அது நடக்காது. நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் மறைவது வீடுகளுக்குப் பின்னால், வியாசர்பாடிப் பக்கம். சரி, கனவில் பூகோளம் எதற்கு?

சூரிய உதயத்தை எடுத்துத் திருப்பி ஓட்டுங்கள். சென்னையில் மாதத்தைப் பொறுத்து சுமார் 5.40 முதல் 6.40க்குள் உதித்துவிடும், அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். திரையில் சூரியன் வரும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் வானம் ஆரஞ்சாகும். ஒரு பத்து நிமிடம் தொடர்ந்து ஓட விட்டு, எடிட்டிங்கில் வேகமாக்கி, 'ரிவர்ஸ்' போடுங்கள். சூரியன் பவ்யமாகக் கடலுக்குள் இறங்கும். நாயகனையும் நாயகியையும் தனியாக, கேமராவை முகத்துக்கு அருகில் வைத்து எடுத்து இடையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகமாக்காத துண்டும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் ஒரு காக்கா வாலை முன்னால் விட்டுப் பறந்தது, அலை கரையிலிருந்து உருவிக்கொண்டு போனது. வெட்டிவிடலாம் என்று நண்பன் சொன்னான். வேண்டாம் என்றேன். இந்தக் கனவை யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்பதை அந்தக் காக்காவைவிட நன்றாக யார் சொல்வது?

5. இடமும் ஆளும்

துறைமுகத்துக்குள்ளும் ரயில் நிலையத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்தால் கனவுப் பாட்டுக்கு ஆசை வரத்தான் செய்யும். நாங்கள் ஆசையோடு நிறுத்திக்கொண்டு தெருவிலும் மொட்டை மாடியிலும் எடுத்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், பின்னணி மாறாது, எடுக்க வசதி. ஆனால் அந்த நாட்களில்தான் இங்கே பல வீடுகளில் காசு புரளாது. யாரையும் ஓசியில் நடிக்கக் கூப்பிடாதீர்கள். ஒரு நாள் கூலியைக் காலையிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்.

6. கனவைச் சத்தத்தால் உடையுங்கள்

இன்னொரு போனை ரெக்கார்டராக்கி, கூடைக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பிடியுங்கள். வெட்டு விழும் இடங்களை மூட அதுதான் உதவும்.

கனவு முடியும்போது படத்தை உடனே மாற்றாதீர்கள். வயலின் நடக்கும்போதே, ஒரு நொடி முன்னதாக அருவாமனைச் சத்தம் கேட்கட்டும். நாயகன் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு நிஜத்துக்கு வெட்டுங்கள்: எதிரே ஒருவர், "தலைய தனியா போடுங்க" என்கிறார்.

முடித்த படத்தை வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். அக்காவுக்கு அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது, இரண்டாம் பாகத்தில் அந்தக் கோட்டு சூட்டு ஆளைக் கொஞ்சம் செதில் சுரண்ட விடச் சொன்னார்.