சோலார் பேனலில் ஆடிக்காற்றுத் தூசி

ஆடிக்காற்று அடங்கியதும் ஒருமுறை மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் சோலார் பேனலை அதிகம் சாய்க்காமல் தெற்கு பார்த்து வைப்பார்கள். அந்தச் சாய்வில் செம்மண் தூசி கீழ் விளிம்பில் பட்டையாகத் தங்கிவிடும். பட்டை சிறியதுதான். ஆனால் உள்ளே வெயிலை மின்சாரமாக்கும் செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், கீழ்வரிசை மறைந்தாலே மின்சாரம் நன்றாகக் குறையும். எங்கள் வீட்டில் இது புரியவே வெகுநாள் ஆயிற்று.

வெயில் ஏறும் முன், காலை 6 மணிக்கே இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுக் கழுவுங்கள். சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். உப்பான போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளைக் கறை பிடித்துக்கொள்ளும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அப்புறம், அடியில் உள்ள வயர் இணைப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள்.