சோய் ஹொங் ஹி: டேக்வாண்டோ 'நிறுவனரை'ப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வழியில் டேக்வாண்டோ பழகும் வகுப்புகளில் பெல்ட் தேர்வு என்றாலே ஒரு கேள்வி தவறாமல் வரும். டேக்வாண்டோவை நிறுவியவர் யார், எப்போது? பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: ஜெனரல் சோய் ஹொங் ஹி, 1955 ஏப்ரல் 11. ஒலிம்பிக் வழியைப் பின்பற்றும் வகுப்புக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரையே கேள்விப்படாத பிளாக் பெல்ட்காரர்கள் அங்கே இருப்பார்கள். ஒரு கலைக்கு இரண்டு வரலாறுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டில் கையில் கிடைத்ததை அப்படியே தூக்கித் துண்டறிக்கையிலும் கிளப் அறிமுகத்திலும் போட்டுவிடுகிறோம்.

எதன் நிறுவனர் என்று சொல்லாமல் விடுவது

மற்றக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் இதுதான். 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது சோய் இன்னும் எந்தப் பள்ளியும் தொடங்கவில்லை. கொரியாவிலோ ஒன்றன்பின் ஒன்றாகக் 'குவான்' எனப்படும் பயிற்சிக்கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. சுங் டோ குவானை லீ வொன்-குக் 1944-லேயே தொடங்கிவிட்டார். சோங் மூ குவானை ரோ பியுங்-ஜிக்கும், மூ டுக் குவானை ஹ்வாங் கீயும் தொடங்கினார்கள். ஜி டோ குவான், சாங் மூ குவான் என்று மேலும் சில உண்டு. இந்த ஆசிரியர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பியவர்கள். லீயும் ரோவும் கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சினிடமே பாடம் கேட்டவர்கள். உதையும் குத்தும் தடுப்பும் சேர்ந்த அந்தப் பயிற்சி, சோய் களத்துக்கு வரும் முன்பே நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் சோய் செய்தது என்ன? நிறையவே செய்தார். தென் கொரிய ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர் அவர். 1950-களின் நடுவில் நாம் டே-ஹியோடு சேர்ந்து ஓ டோ குவானைத் தொடங்கி, இந்தக் கலையை ராணுவப் பயிற்சிக்குள் கொண்டுபோனார். சிறிய கூடங்களில் சில டஜன் பேர் பழகிய ஒன்றை ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பழகத் தொடங்கினார்கள். 'டேக்வாண்டோ' என்ற பெயருக்காக விடாமல் மல்லுக்கட்டினார். 'சாங் ஹான்' என்ற தமது பாணிக்கென்று 24 பேட்டர்ன்களை (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகள்) வகுத்தார். 1966-இல் 9 நாடுகளைச் சேர்த்து ஐ.டி.எஃப். அமைப்பை சியோலில் தொடங்கினார். ஆகவே சாங் ஹான் பாணியின் நிறுவனர், ஐ.டி.எஃப்.-இன் நிறுவனர் என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர முடியாது. மொத்த டேக்வாண்டோவுக்கும் ஒரே தந்தை என்று எழுதினால்தான் வம்பு. 24 பேட்டர்ன்களையும் தனியாளாக உட்கார்ந்து அவர் எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் டே-ஹி, ஹான் சா-கியோ, கிம் போக்-மான் போன்ற சீடர்களின் உழைப்பும் அவற்றில் இருக்கிறது. 1962 முதல் 1964 வரை அவர் மலேசியாவில் தென் கொரியத் தூதராக இருந்தார். பேட்டர்ன்கள் உருப்பெற்றதில் அந்தக் கோலாலம்பூர் ஆண்டுகளுக்கும் முக்கியப் பங்கு உண்டு. மலேசியாவில் டேக்வாண்டோ இவ்வளவு வேரூன்றியதும் அங்கிருந்துதான்.

'ஈராயிரம் ஆண்டுப் பழமை'

டேக்வாண்டோ ஈராயிரம் ஆண்டுப் பழமையானது என்பது சுவரில் ஒட்டுவதற்கு அழகான வாசகம். பழங்காலக் கொரியாவின் சில்லா நாட்டு ஹ்வாராங் வீரர்கள் டேக்வாண்டோ பழகினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்த விஷயத்தில் மட்டும் ஐ.டி.எஃப்., ஒலிம்பிக் என்ற இரண்டு தரப்பும் ஒற்றுமையாக மிகைப்படுத்தின. ஜப்பான் 35 ஆண்டுகள் ஆண்ட நாட்டில், தேசியக் கலை ஜப்பானிலிருந்து வந்தது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சோய் இதில் ஒருவகையில் மற்றவர்களைவிட நேர்மையானவர். ஜப்பானில் கராத்தே கற்றதை அவர் மறைக்கவில்லை. 1965-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய புத்தகத்தைப் புரட்டினால், அவர் வகுத்த பேட்டர்ன்களோடு ஹெய்ஆன், தெக்கி, ஜிஒன் என்று கராத்தே கட்டாக்களும் (கராத்தேயின் பேட்டர்ன்கள்) வரிசையாக இருக்கும். டேக்வாண்டோவில் கராத்தேயின் சாயலே இல்லை என்று வாதிடுகிறவர்கள் முதலில் அந்தப் பக்கங்களைப் பார்க்கலாம்.

ஒரு தரப்பின் பேச்சை மட்டும் கேட்பது

சிறுவயதில் கையெழுத்துக்கலை ஆசிரியர் ஹான் இல்-டோங்கிடம் டெக்கியோன் என்ற பழைய கொரியத் தற்காப்புக் கலையைக் கற்றதாக சோய் எழுதியிருக்கிறார். கராத்தேயையும் டெக்கியோனையும் இணைத்து டேக்வாண்டோவைப் படைத்தார் என்ற கதை அதிலிருந்து பிறந்ததுதான். இதற்கு அவர் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. டெக்கியோனின் உண்மையான வாரிசாகக் கொரியாவில் கருதப்படுபவர் சோங் டுக்-கி என்ற முதியவர். அந்தக் கலைக்கு 1983-இல் அரசு பண்பாட்டுச் சொத்து என்ற அங்கீகாரம் தந்ததும் அவரை வைத்துத்தான்.

1955 ஏப்ரல் 11-ம் அப்படித்தான். அந்த நாளில் கூடிய குழு 'டேக்வாண்டோ' என்ற பெயரை ஏற்றது என்பது சோய் தரப்பின் கூற்று. அன்றே நாடு முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது. 1959-இல் இந்தக் கலைக்கென்று தேசியச் சங்கம் ஒன்று அமைந்து சோய் தலைவரானார். 1961-இல் ராணுவப் புரட்சிக்குப் பின் கூடிய சங்கம் 'டேசூடோ' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது. மலேசியாவிலிருந்து திரும்பிய சோய் மறுபடி தலைவராகி 1965-இல் பழைய பெயரை மீட்டார். ஹ்வாங் கீ இதெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கித் தனி வழி போனார். பத்து ஆண்டுகள் இழுபறியாக நடந்ததை ஒரு தேதிக்குள் அடைத்துவிட முடியாது.

இன்னொரு சம்பவம். சுங் டோ குவான் தலைவர் சோன் டுக்-சுங் சோய்க்குக் கௌரவ 4-ஆம் டான் (பிளாக் பெல்ட் படிநிலை) கொடுத்தார். 1959-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் செய்தித்தாளிலேயே அறிவித்தார். அன்றைய டான்களில் திறமை எவ்வளவு, அதிகாரச் சண்டை எவ்வளவு என்பதற்கு இது ஒன்றே போதும். சோயின் டானை வைத்து அவர் பெரிய வீரர் என்றோ போலி என்றோ தீர்ப்பு எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

சரி, சோய் சொன்னதை நம்ப வேண்டாம், சியோல் வெளியிட்ட வரலாற்றைப் பிடித்துக்கொள்வோம் என்றால் அதில் வேறு ஓட்டை. 1972-இல் அவர் கனடாவுக்குப் போய்விட்டார், ஐ.டி.எஃப். தலைமையகமும் டொராண்டோவுக்குப் போனது. அடுத்த ஆண்டே கிம் உன்-யோங் தலைமையில் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு (இன்றைய பெயர் வேர்ல்டு டேக்வாண்டோ; ஒலிம்பிக் வழி இதுதான்) சியோலில் உருவானது. அதன்பிறகு அங்கே வந்த வரலாறுகளில் சோயின் பெயர் சுருங்கிச் சுருங்கி ஒரு வரியாகி, பல இடங்களில் அதுவும் இல்லாமல் போனது. சங்கத்தின் முதல் தலைவரே காணாமல் போகும் வரலாற்றை எப்படி முழுதாக நம்புவது?

வட கொரியாவை வைத்து மட்டும் எடைபோடுவது

1980-இல் சோய் தம் குழுவோடு வட கொரியா போய்ச் செயல்விளக்கம் நடத்தினார். தென் கொரியாவில் அன்றோடு அவர் துரோகி. கூட இருந்த மூத்த கொரிய மாஸ்டர்கள் பலர் விலகினார்கள். 2002 ஜூன் 15-இல் அவர் இறந்ததும் பியோங்யாங்கில்தான், அடக்கமும் அங்கேதான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர் பிறந்த ஊரைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1918-இல் அவர் பிறந்த மியோங்சோன் பகுதி இன்று வட கொரியாவில் இருக்கிறது. அவர் பிறந்தபோது இருந்தது ஒரே கொரியா. மறுபக்கம், 'கலையைப் பரப்பத்தான் போனார், அரசியலே கிடையாது' என்று ஐ.டி.எஃப். ஆர்வலர்கள் சப்பைக்கட்டு கட்டுவதும் எடுபடாது. பேட்டர்ன் பட்டியலே அதற்குச் சாட்சி.

சோய் வகுத்த பேட்டர்ன்களில் ஒன்று கோ-டாங். ஜப்பானிய ஆட்சியை எதிர்த்த தலைவர் சோ மான்-சிக்கின் புனைபெயர் அது. அதன் 39 அசைவுகளுக்கு, அவர் சிறை சென்ற எண்ணிக்கையும் அவருடைய ஊர் இருக்கும் 39-ஆம் அட்சக்கோடும் காரணமாகச் சொல்லப்படும். விடுதலைக்குப் பிறகு பியோங்யாங்கில் சோவியத் திட்டத்துக்குத் தலையாட்ட மறுத்ததால் சோ மான்-சிக் காவலில் வைக்கப்பட்டார். வெளியே வரவே இல்லை. 1980-களில் சோய் இந்த பேட்டர்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 45 அசைவுகள் கொண்ட 'ஜூச்சே'யை வைத்தார். ஜூச்சே என்பது கிம் இல்-சுங்கின் அரசுக் கொள்கையின் பெயர். பியோங்யாங் ஆட்சியை எதிர்த்தவரின் பெயர் போய், அந்த ஆட்சியின் கொள்கை வந்து உட்கார்ந்ததைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே சமயம், தென் கொரிய ராணுவ ஆட்சியும் டேக்வாண்டோவைத் தன் அரசியலுக்குத் தாராளமாகவே பயன்படுத்தியது. ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

சோய் ஹொங் ஹியின் மகன் சோய் ஜுங்-ஹ்வா, தென் கொரிய அதிபர் சுன் டூ-ஹ்வானைக் கொல்லும் சதியில் பங்கிருந்ததாக 1991-இல் கனடாவில் தண்டிக்கப்பட்டார். இதை அப்பாவின் கணக்கில் எழுதுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கில் குற்றவாளி மகன். தந்தை மீது வழக்கு இல்லை.

'ஐ.டி.எஃப்.' என்று ஒருமையில் எழுதுவது

சோய் இறந்த கையோடு அமைப்பு மூன்றாக உடைந்தது. வட கொரியாவின் சாங் உங் தலைமையில் ஒன்று, மகன் சோய் ஜுங்-ஹ்வா தலைமையில் ஒன்று, கனடாவின் டிரான் டிரியு குவான் தலைமையில் ஒன்று. மூன்றும் ஐ.டி.எஃப். என்ற பெயரையே வைத்துக்கொண்டன. தலைவர்கள் மாறினாலும் பிரிவு மாறவில்லை. சில குழுக்கள் ஜூச்சே என்ற பெயரை விட்டுவிட்டு, அந்த பேட்டர்னை மறுபடி கோ-டாங் என்று அழைக்கின்றன. எனவே ஒரு கிளப்பைப் பற்றி எழுதும்போது எந்த ஐ.டி.எஃப். என்று கேட்டு எழுதுங்கள். சான்றிதழில் யார் கையெழுத்து என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் நேரத்தில் சாங் உங் வழியில் வந்த வட கொரியக் குழுவும் வேர்ல்டு டேக்வாண்டோ குழுவும் ஒரே மேடையில் செயல்விளக்கம் நடத்தின. அதைப் பார்த்துவிட்டு 'இரண்டும் இணைந்துவிட்டன' என்று எழுதியவர்கள் ஏராளம். இணையவில்லை. 2014-இல் நான்ஜிங்கில் இரு தரப்பும் கையெழுத்திட்டது ஒருவரையொருவர் மதிப்பது, ஒத்துழைப்பது பற்றிய உடன்படிக்கை மட்டுமே. ஒலிம்பிக்கில் நடப்பது இன்றும் வேர்ல்டு டேக்வாண்டோ விதிகளின்படிதான். சோயின் 24 பேட்டர்ன்களுக்கு அங்கே இடமில்லை.