ஒரு ப்ராசஸ்ல ஓடுது, ரெண்டாவதுல கிராஷ் ஆகுது: டிவைஸ் மெமரி மேப்பிங் பக்கை பிடிக்கிறது எப்படி

தனியா ஓட்டும்போது ஒழுங்கா இருந்த கோடு, ரெண்டாவது ப்ராசஸ் வந்ததுமே செக்மென்டேஷன் ஃபால்ட் அடிக்குதா, இல்ல ரிஜிஸ்டர்ல எழுதுன வேல்யூ போய் சேரவே மாட்டேங்குதா? டிவைஸ் மெமரி மேப்பிங்னா, டிவைஸோட மெமரியையும் ரிஜிஸ்டரையும் (டிவைஸை கன்ட்ரோல் பண்ற சின்ன இடங்கள்) எம்மேப் கால் மூலமா ப்ராசஸோட அட்ரஸ்ல தெரிய வைக்கிறது. கோடை திறக்காதீங்க, முதல்ல அந்த மேப்பை பாருங்க. லினக்ஸ்ல ப்ராக் டைரக்டரிக்குள்ள ஒவ்வொரு பிஐடிக்கும் (ப்ராசஸ் நம்பர்) ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல மேப்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும். ரெண்டு ப்ராசஸோட மேப்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு டிவைஸ் பேர் வர்ற வரியை மட்டும் பாருங்க: ரெண்டுலயும் அந்த வரி இருக்கா, அட்ரஸ் ஒண்ணா வேறயா, பர்மிஷன்ல கடைசி எழுத்து எஸ்-ஆ (ஷேர்டு) பி-ஆ (ப்ரைவேட்), ஆஃப்செட் (எவ்வளவு தள்ளி மேப்பிங் ஆரம்பிக்குதுங்கிற தூரம்) சரியா. அடுத்து எங்க தேடணும்னு இதுவே சொல்லிடும்.

வரியே இல்லன்னா, சைல்டுக்கு (முதல் ப்ராசஸான பேரன்ட் உருவாக்கின ப்ராசஸ்) அந்த மேப்பிங் கிடைக்கவே இல்லன்னு அர்த்தம். ஃபோர்க் (ப்ராசஸை அப்படியே காப்பி எடுக்குறது) மட்டும் பண்ணா மேப்பிங் கூடவே வரும், எக்ஸெக் (அதுல வேற ப்ரோக்ராமை ஏத்துறது) பண்ணா எல்லா மேப்பிங்கும் போயிடும், ஆனா க்ளோஸ் ஆன் எக்ஸெக் ஃப்ளாக் போடாம திறந்த டிவைஸ் ஃபைல் மட்டும் திறந்தே கிடக்கும். ஃபோர்க் மட்டும் பண்ணியும் வரலன்னா யாரோ எம்அட்வைஸ் கால்ல டோன்ட்ஃபோர்க் (ஃபோர்க்ல இதை காப்பி பண்ணாதேன்னு சொல்றது) போட்டிருக்கலாம், அதே ஃபோல்டர்ல இருக்கிற எஸ்மேப்ஸ் ஃபைல்ல விஎம்ஃப்ளாக்ஸ் வரில டிசி இருக்கான்னு பார்த்தா தெரிஞ்சுடும். தீர்வு, சைல்டே தனியா டிவைஸை திறந்து எம்மேப் பண்றதுதான். விஎஃப்ஐஓல (டிவைஸை நேரா யூசர் ப்ரோக்ராம்கிட்ட கொடுக்குற லினக்ஸ் வசதி) மட்டும் ஒரு டிவைஸ் க்ரூப்பை ஒருத்தர் திறந்து வச்சிருந்தா அடுத்தவருக்கு பிஸின்னு எரர் வரும், அங்க திறந்தவர்கிட்ட இருக்கிற டிஸ்கிரிப்டரை (திறந்த ஃபைலை குறிக்கிற நம்பர்) யுனிக்ஸ் சாக்கெட் வழியா வாங்கித்தான் ஆகணும்.

வரி இருக்கு, அட்ரஸ் மட்டும் வேறன்னா, எனக்கு தெரிஞ்சு ஆளை ரொம்ப அலைய விடுறது இதுதான். பாயிண்டர் ஒரு ப்ராசஸுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஷேர்டு மெமரில ஒரு ஸ்ட்ரக்சர் வச்சு அதுக்குள்ள டிவைஸோட பேஸ் அட்ரஸை பாயிண்டரா போட்டு வச்சா எழுதுனவருக்கு சரியா இருக்கும், படிக்கிறவருக்கு அந்த அட்ரஸ்ல வேற ஏதோ இருக்கும், அது கிராஷ் ஆனா கூட பரவால்ல, கிராஷ் ஆகாம தப்பான இடத்துல எழுதிட்டு போனா கண்டுபிடிக்கவே நாளாகும். ஃபங்ஷன் பாயிண்டருக்கும் இதே கதிதான், சி ப்ளஸ் ப்ளஸ்ல வர்ச்சுவல் ஃபங்ஷன் இருக்கிற ஆப்ஜெக்டை ஷேர்டு மெமரில வச்சாலும் இதேதான். சந்தேகமா இருந்தா ரேண்டமைஸ் விஏ ஸ்பேஸ் செட்டிங்கை (ஒவ்வொரு தடவையும் அட்ரஸை மாத்தி வைக்குற கெர்னல் செட்டிங்) டெஸ்ட் மெஷின்ல மட்டும் 0 ஆக்கி ஓட்டிப் பாருங்க. பக் மறைஞ்சா அட்ரஸ் பிரச்சனைதான்னு பெரும்பாலும் உறுதி. ஆனா அதையே தீர்வுன்னு ப்ரொடக்ஷன்ல விட்டுடாதீங்க, அது செக்யூரிட்டிக்காக இருக்கிற விஷயம். சரியான வழி, ஷேர்டு மெமரில ஆஃப்செட்டை மட்டும் வைங்க, ஒவ்வொரு ப்ராசஸும் தன்னோட பேஸை கூட்டிக்கட்டும். டிபிடிகே (நெட்வொர்க் பாக்கெட்டை வேகமா கையாளுற லைப்ரரி) மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே அட்ரஸ் வேணும்னு கேக்குற டிசைனா இருந்தா மேப் ஃபிக்ஸ்டை (இதே அட்ரஸ்தான் வேணும்னு எம்மேப்ல சொல்ற ஃப்ளாக்) சும்மா போடாதீங்க, அந்த இடத்துல ஏற்கனவே இருக்கிற மேப்பிங்கை சத்தமே இல்லாம தூக்கிடும். கெர்னல் 4.17-ல இருந்து ஃபிக்ஸ்ட் நோரீப்ளேஸ் இருக்கு, அதை போடுங்க, பழைய கெர்னல் அதை வெறும் ஹின்டா எடுத்துக்கும்ங்கிறதால திரும்பி வந்த அட்ரஸையும் செக் பண்ணுங்க.

கடைசி எழுத்து பி-ன்னா அது ப்ரைவேட் மேப்பிங். எழுதுறதெல்லாம் உங்க காப்பிக்குத்தான் போகும், டிவைஸுக்கு போகாது. டிவைஸை ரீட் ஒன்லியா திறந்துட்டு ஷேர்டுல ரைட் பர்மிஷன் கேட்டா எம்மேப் பர்மிஷன் எரர் தரும், அந்த எரர் போகட்டும்னு ப்ரைவேட்டுக்கு மாத்துறதுலதான் இது அதிகமா நடக்குது. டிவைஸை ரீட் ரைட்டா திறங்க, ஷேர்டாவே விடுங்க.

ஆஃப்செட்டுக்கு வந்தா, 4096-ன்னு கோடுல எழுதி வைக்காதீங்க. ஏஆர்எம் 64-ல பேஜ் சைஸ் 16 கேபியாவோ 64 கேபியாவோ இருக்கலாம், சிஸ்டத்துக்கிட்டயே கேளுங்க. யுஐஓல (டிரைவரை யூசர் ப்ரோக்ராமா எழுத விடுற லினக்ஸ் வசதி) எத்தனாவது மேப் வேணுமோ அதை பேஜ் சைஸால பெருக்கினதுதான் எம்மேப் ஆஃப்செட், ரிஜிஸ்டர் பேஜ் நடுவுல ஆரம்பிச்சா சிஸ் டைரக்டரில அந்த மேப்புக்கு கீழ இருக்கிற ஆஃப்செட் ஃபைல்ல எவ்வளவு கூட்டணும்னு இருக்கும். எம்மேப் ஃபெயில் ஆனா நல் வராது, மைனஸ் ஒண்ணுதான் வரும்.

ஜிடிபி டீபக்கர்ல அந்த அட்ரஸை படிக்க முடியலன்னு வந்தா பயப்படாதீங்க. டிரைவர் அதுக்கான அக்சஸ் ஃபங்ஷன் கொடுக்கலன்னா ப்ரோக்ராம் நல்லா படிக்கிற இடத்தை கூட டீபக்கரால படிக்க முடியாது.

மேப் எல்லாம் சரி, ஆனா ரிஜிஸ்டர்ல அப்பப்போ ஒரு பிட் மட்டும் தொலையுதுன்னா, ரெண்டு ப்ராசஸும் ஒரே நேரத்துல படிச்சு மாத்தி எழுதுது. சி மொழியோட வாலட்டைல் கீவேர்டு இதுக்கு உதவாது, ப்ராசஸ் ஷேர்டு ம்யூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடுற பூட்டு) வேணும். அதை சாதாரண ஷேர்டு மெமரில வைங்க, டிவைஸ் மெமரில வச்சா அட்டாமிக் ஆபரேஷன் வேலை செய்யும்னு நம்ப முடியாது. ஏஆர்எம்ல டிவைஸ் மெமரி மேல மெம்காப்பி போட்டாலும் அலைன்மென்ட் தப்பி பஸ் எரர் வரலாம், 32 பிட் 32 பிட்டா நீங்களே காப்பி பண்ணுங்க.

டிஎம்ஏ பஃபர் (சிபியு இல்லாம டிவைஸே நேரா எழுதுற மெமரி) இருந்தா இன்னொண்ணு பார்க்கணும். ஃபோர்க்குக்கு அப்புறம் பேரன்ட் அந்த பேஜ்ல எழுதினா பழைய கெர்னல்ல பேரன்ட்டுக்கு புது காப்பி கிடைச்சிடும், டிவைஸ் பழைய பேஜ்லயே எழுதிட்டு இருக்கும், டேட்டா வரவே இல்லன்னு தோணும். அந்த பஃபருக்கு டோன்ட்ஃபோர்க் போடுங்க, இல்லன்னா டிவைஸை தொடுறதுக்கு முன்னாடியே ஃபோர்க் பண்ணி முடிச்சிடுங்க. என்விடியா ஜிபியுவுக்கான கூடா-வுக்கும் (CUDA) அப்படித்தான், பேரன்ட்ல ஆரம்பிச்ச கூடாவை ஃபோர்க் ஆன சைல்டுல தொட முடியாது, பைத்தான்ல ஸ்பான் மெத்தட் (ஃபோர்க் காப்பி இல்லாம புதுசா ப்ராசஸ் ஆரம்பிக்கிறது) போடுங்க.

சரி பண்ணதுக்கப்புறம் ம்யூடெக்ஸை பிடிச்சிட்டு இருக்கிற ப்ராசஸை வேணும்னே கில் மைனஸ் 9 அடிச்சுப் பாருங்க. மத்தது அப்படியே தொங்கி நின்னா ம்யூடெக்ஸுக்கு ரொபஸ்ட் அட்ரிப்யூட் (பிடிச்சவர் செத்தாலும் அடுத்தவருக்கு தெரியவைக்கிறது) போடல, போட்டுட்டு, ஓனர் டெட் எரர் வந்தா ரிஜிஸ்டரை ரீசெட் பண்ணி, ம்யூடெக்ஸை கன்சிஸ்டன்ட்னு மார்க் பண்ற கோடையும் சேர்த்து எழுதுங்க.