முதலில் கேரியர், அப்புறம்தான் பை

சைக்கிளில் ஊர் ஊராகப் போகக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் காட்டுவது கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பையின் படத்தைத்தான். நான் கேரியரைப் பொருத்த இடம் இருக்கிறதா என்று சைக்கிளைத் திருப்பி ஃப்ரேமைப் பார்ப்பேன். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு, சீட்டுக்குக் கீழே இரண்டு என்று மரை போட்ட துளைகள் இருக்க வேண்டும். பெரும்பாலும் எம்5, அதாவது 5 மி.மீ. போல்ட் போகிற அளவு. நான்கும் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு லேசான சுமைக்கு ஒப்பேற்றலாம். கார்பன் ஃப்ரேமில் அதுவும் வேண்டாம். சீட் போஸ்ட்டை மட்டும் பிடித்து நிற்கிற கேரியர் ஆபீஸுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுபோகச் சரி. டிஸ்க் பிரேக் என்றால், கேரியரின் கால் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காதா என்று பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.

அலுமினியமா, ஸ்டீலா? அலுமினியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. இருந்தாலும் நான் ஸ்டீல் கட்சி. வேகத்தடையும் பள்ளமும் மாறி மாறி வரும் ரோட்டில் கம்பி விட்டுப்போனால், ஸ்டீலை அடுத்த ஊர் வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடலாம். அலுமினியத்தைக் காட்டினால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். கேரியரில் 25 கிலோ என்று போட்டிருந்தாலும் நான் 15-க்கு மேல் ஏற்றுவதில்லை.

பையில் துணியைவிடக் கொக்கிதான் முக்கியம். மேலே இரண்டு கொக்கி கம்பியைப் பிடிக்கும், கீழே ஒன்று பை வெளியே வீசாமல் இழுத்து வைக்கும். கேரியர் கம்பி 10 மி.மீ. இருந்து கொக்கி 16 மி.மீ. வாய் பிளந்திருந்தால், நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டு கூட வருகிறதா என்று கேளுங்கள். மாட்டிய பையை இரண்டு கையாலும் பிடித்து உதறுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால், அந்த ஆட்டம் முதலில் கம்பியின் பெயிண்டைத் தின்னும், அப்புறம் கொக்கியை.

அப்படியே சீட்டில் ஏறி, நண்பரை சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பயணத்தில் போடப்போகிற ஷூவோடுதான். குதிகால் பையை உரசினால், கொக்கியை நகர்த்திப் பையைப் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். ரோடு பைக்கில் பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. அதற்குச் சின்னப் பைதான் சரிவரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ.சி.ஆர். பக்கம் போகிறவர்கள் வாயைச் சுருட்டி மூடுகிற, தையல் இல்லாமல் ஒட்டிய பையை வாங்கலாம். அந்த வகையில் ஆர்ட்லிப் கம்பெனியின் பேக் ரோலர் பை ஜோடியாக 40 லிட்டர் கொள்ளும். விலை கொஞ்சம் கசக்கும். கையைக் கடித்தால் சாதாரணப் பைக்குள் தடித்த பாலிதீன் உறை போட்டுத் துணியை வையுங்கள், போதும்.

கனமான பொருள் அடியில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடை. மேலே படுக்கையைக் கட்டப் பழைய சைக்கிள் டியூபை மிஞ்ச எதுவும் இல்லை. தினமும் கிளம்பும் முன் நான்கு போல்ட்டையும் ஆலன் கீயால் ஒரு பிடி பிடியுங்கள். கூடுதலாக இரண்டு எம்5 போல்ட்டை வாஷரோடு ஃப்ரேமிலேயே டேப் சுற்றி ஒட்டி வையுங்கள்.