நியூசிலாந்தில் கேம்பர்வேன்: ராத்திரி எங்கே நிறுத்துவது?

தெற்குத் தீவில் ஒரு வாரம் கேம்பர்வேன் (படுக்கை, அடுப்பு உள்ள வாடகை வேன்) எடுத்துச் சுற்றுகிறவர்கள் பார்க்கவேண்டிய இடங்களை எல்லாம் குறித்துவிட்டு, தங்குமிடத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். ராத்திரி நிறுத்தும் இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள், பகல் தானாக அமைந்துவிடும்.

கிறைஸ்ட்சர்ச்சில் வேனை எடுத்த அன்றே டெகாப்போ ஏரிவரை ஓட்டிவிட ஆசை வரும். வேண்டாம். அது மூன்று மணி நேர ஓட்டம், விமானக் களைப்பு வேறு இருக்கும். முதல் ராத்திரி ஊருக்குள்ளேயே ஒரு ஹாலிடே பார்க்கில் (வேனை நிறுத்தித் தங்கும் கட்டண முகாம்) நிறுத்தி, கரண்ட் ஒயரை மாட்டி, ஹீட்டர், தண்ணீர் பம்ப், கேஸ் அடுப்பு எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஏதாவது கோளாறு என்றால் வாடகைக் கம்பெனி பக்கத்திலேயே இருக்கும்.

ஹாலிடே பார்க்கில் கரண்ட், வெந்நீர், பொதுச் சமையலறை, கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம் எல்லாம் உண்டு, காசு கூடுதல். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் டாக் (DOC) முகாம்கள் மலிவு, இடமும் அழகு, ஆனால் பெரும்பாலும் கரண்ட் கிடையாது. மவுண்ட் குக் அடிவாரத்து ஒயிட் ஹார்ஸ் ஹில் டாக் முகாமில் வேன் கதவைத் திறந்து இறங்கினால் ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை அங்கேயே தொடங்குகிறது. ஆனால் ஜூன், ஜூலையில் ராத்திரி உறைந்துபோகும், பல வாடகை வேன்களில் ஹீட்டர் கரண்டில் மட்டும்தான் ஓடும், இதை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஹாலிடே பார்க் என்பது என் கணக்கு. தாளிப்பதையும் அந்தச் சமையலறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், வேனுக்குள் கடுகு வெடித்தால் பயணம் முடியும்வரை மெத்தையில் அந்த வாசம்தான்.

சாலையோரம் இலவசமாக நிறுத்தலாம் என்று நம்பிப் போகாதீர்கள். 2023இல் வந்த சட்டப்படி கழிப்பறை வேனிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும், தூக்கி வைக்கும் டாய்லெட் செல்லாது. ஊருக்கு ஊர் விதியும் மாறும், அபராதம் 400 நியூசிலாந்து டாலரில் தொடங்குகிறது. பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

மலைகளுக்கிடையே கடல் புகுந்த மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகிறவர்கள் டி அனா ஊரில் தங்கி 120 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, வழியிலுள்ள காஸ்கேட் கிரீக் டாக் முகாமில் தூங்கினால் பஸ் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேரலாம். என்ன, சாண்ட்ஃப்ளை பிடுங்கித் தின்னும். கொசுவைவிடச் சின்னது, கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். காற்றில்லாத தண்ணீர் ஓரம்தான் அதற்குப் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் காற்றடிக்கும் திறந்த வெளியில் நிறுத்துங்கள். நன்றாக இருட்டிவிட்டால் தொல்லை குறையும்.

நிறுத்தும் தரை சமமாக இருக்கட்டும். சரிவுதான் கிடைத்தது என்றால் தலைமாடு மேட்டுப் பக்கம் வருமாறு திருப்பிப் போடுங்கள். மழை பெய்த புல்தரையில் டயர் புதையும், சரளைத் தரை கேட்டு வாங்குங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை அங்கே பள்ளி விடுமுறை, மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் நல்ல இடம் கிடைக்காது. மற்ற மாதங்களில் ஹாலிடே பார்க்குக்கு அன்று மதியம் போன் செய்தாலே பெரும்பாலும் போதும். பார்க் ஆபீஸை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.