பட்டு நூல் சுற்றிப் பூ செய்யும் முறை

சீனாவின் ஹூபெய் மாகாணத்து யிங்ஷான் பகுதியிலும், ஃபூஜியனிலும், தைவானில் ஹொக்கியன், ஹக்கா மக்களிடையேயும் மணமகளின் கொண்டையில் செருகும் பூக்களை அட்டை, செம்புக் கம்பி, பட்டு நூல் ஆகிய மூன்றையும் கொண்டே செய்து வந்திருக்கிறார்கள். இதில் தையல் கிடையாது. நூலைச் சுற்றுவது ஒன்றே வேலை.

முறுக்கில்லாத பட்டு நூலே இதற்கு ஏற்றது. முறுக்கிய நூல் வரிவரியாகத் தெரியும். முறுக்கில்லாத இழையோ அட்டையின் மேல் தட்டையாகப் படிந்து, ஒரே பரப்பாக ஒளியை வாங்கித் தரும். நம் கடைகளில் வளையல் சுற்ற விற்கும் பளபளப்பான நூலிலும் பழகலாம். சொரசொரப்பான விரலில் இழை சிக்கிப் பிசிறு கிளம்பும் என்பதால், முதலில் நகத்தைத் தேய்த்து, கையை மென்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் இதழுக்கு இரண்டு அட்டைத் துண்டுகள் தேவை. மூன்று செ.மீ. நீளமுள்ள இலை வடிவத்தை நடுவில் நெடுக வெட்டினால் கிடைக்கும் இரு பாதிகளே அவை. முனை திடீரென்று குறுகினால் நூல் வழுக்கி இறங்கிவிடும். ஆகவே வளைவு மெல்லச் சரியட்டும். நூலின் நிறத்திலேயே அட்டை இருந்தால் இடைவெளி கண்ணில் படாது.

சுமார் 0.3 மி.மீ. கம்பியில் காம்புக்கு ஐந்து செ.மீ. விட்டு, அங்கே சிறிது பசை தொட்டு நூலைச் சில சுற்றுகள் இறுக்கிய பின், முதல் பாதியின் பின்புறம் கம்பியை வைத்து இரண்டையும் சேர்த்துச் சுற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், அதன் மேல் ஏறக் கூடாது. நூல் கம்பிக்குக் குறுக்காக நேராக விழ வேண்டும். இந்த வேலையின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு சுற்று சாய்ந்தாலும் பிரித்துவிட்டு மீண்டும் சுற்றுவதே நல்லது.

முதல் பாதி முடிந்ததும் வெறும் கம்பியில் ஒன்றிரண்டு மி.மீ. சுற்றிவிட்டு, இரண்டாவது பாதியை வைக்கவும். இரு பாதிகளின் நேரான ஓரங்களும் கம்பியின் ஒரே பக்கத்தில் அமைந்தால்தான், அந்த இடைவெளியில் மடக்கும்போது அவை நடுவில் ஒன்று சேர்ந்து இதழாகும். பிறகு இரு கம்பி முனைகளையும் சேர்த்து நூலால் கட்டி, பசையிட்டு முடியுங்கள்.

ஐந்து இதழ்கள் ஆனதும், செயற்கை மகரந்தக் காம்புகளை நடுவில் பிடித்து, இதழ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டவும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக் கட்டினால் பூ ஒரு பக்கம் சாயும். இதழ்களை விரலால் மெல்ல வளைத்துக் குழிவு கொடுத்து, மிஞ்சிய கம்பியைக் கொண்டை ஊசியோடு வைத்து அதே நூலால் இறுகச் சுற்றுங்கள். தண்ணீர் பட்டால் அட்டை ஊறிவிடும். தூசியை மென்மையான தூரிகையால் மட்டுமே தட்ட வேண்டும்.